மலை இறக்கத்தில் பேடில் ஷிஃப்டர்: கியர் தானாக டி-க்குத் திரும்பிவிடுகிறது, என்ன செய்வது?

கோவை_ஓட்டி:
வணக்கம். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது, அதற்கு முன் பதினைந்து வருடம் கிளட்ச் மிதித்துத்தான் பழக்கம். வண்டி 1.5 லிட்டர் பெட்ரோல், 6 கியர், டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக இன்ஜின் விசையைக் கொடுக்கும் ரகம்), ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டி கியர் மாற்றும் பேடில் இருக்கிறது, இடது தட்டினால் கீழ் கியர், வலது தட்டினால் மேல் கியர். போன வாரம் ஆறு பேரோடு வால்பாறை போய்விட்டுத் திரும்பும்போது, அட்டகட்டி தாண்டியதும் இடது பேடிலை இரண்டு முறை தட்டினேன். மீட்டரில் 3 என்று வந்தது, வண்டியும் பிடித்தாற்போல் இறங்கியது, சந்தோஷம். ஆனால் ஒரு வளைவு திரும்பி, கொஞ்சம் நேர் ரோட்டில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து வந்த பிறகு பார்த்தால் 3-ஐக் காணோம், வெறும் டி (வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும் நிலை) நிற்கிறது, வண்டி அது பாட்டுக்கு ஓடுகிறது. மறுபடி தட்டினால் மறுபடி அதே கதை. நாலைந்து முறை பார்த்துவிட்டு அலுத்துப்போய் பிரேக்கிலேயே இறக்கிவிட்டேன். ஒன்பதாவது வளைவில், அந்த லோம்ஸ் வியூ பாயிண்டில், போட்டோவுக்கு நிறுத்தினால் முன் சக்கரத்தில் தீய்ந்த வாடை. பின்சீட்டில் இருந்த மாமா "என்னப்பா, கிளட்ச் கருகுதா?" என்றார். மிதிக்கக் கிளட்சே இல்லாத வண்டியில்!

3-க்கு மேல் போகாதே என்று வண்டியைப் பிடித்துவைக்க வழி உண்டா? சர்வீஸ் சென்டரில் கேட்டால், பேடில் எல்லாம் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு, நீங்கள் டி-யிலேயே விட்டுவிடுங்கள் என்கிறார்கள்.

ஆழியார்க்காரன்:
அண்ணா, வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லைங்க. லிவர் டி-யில் இருக்கும்போது பேடிலைத் தட்டினால் அது தற்காலிகம்தான். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட, ஒரு வளைவுக்கு முன் வேகம் குறைக்க என்று வைத்திருக்கிறார்கள். ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் போனாலோ, ஆக்சிலேட்டரைத் தொட்டு ஓட்டினாலோ, "இவருக்கு வேலை முடிந்தது" என்று கம்ப்யூட்டர் தானே டி-க்குத் திரும்பிவிடும். நீங்கள் இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே லிவரை எம்-க்கு, அதாவது நாமே கியர் மாற்றும் மேனுவல் நிலைக்குத் தள்ளிவிடுங்கள், சில வண்டியில் அது எஸ் என்று இருக்கும். அப்புறம் பேடிலால் 3 வைத்தால் நீங்கள் மாற்றும் வரை 3 தான்.

நான் வாரம் இரண்டு முறை அந்த ரோட்டில் ஏறி இறங்குகிறவன். நாற்பது வளைவுக்கும் எனக்குக் கணக்கு ஒன்றுதான், ஏறும்போது வண்டி எந்த கியர் கேட்டதோ அதிலேயே இறக்குவது. லாரிக்காரர்கள் காலம் காலமாகச் சொல்வதுதான், ஆட்டோமேட்டிக் வந்ததால் மாறிவிடவில்லை. ஊசி வளைவுக்கு 2, இடையில் நேராக இருந்தால் 3. குரங்கு அருவிக்குக் கீழே வந்த பிறகு டி போட்டுக்கொள்ளலாம்.

பழைய_ஸ்டியரிங்:
மேலே தம்பி சொன்னது சரி, ஆனால் எல்லா வண்டிக்கும் அப்படியே பொருந்தாது. கேள்வியில் "3-க்கு மேல் போகாதே" என்று இருக்கிறது பாருங்கள், அது ஒரு விஷயம், "3-லேயே இரு" என்பது வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் பேடிலைத் திட்டுகிறார்கள்.

நான் முன்பு வைத்திருந்த 4 கியர் ஆட்டோமேட்டிக்கில் பேடில் கிடையாது. லிவரில் டி-க்குக் கீழே 2, எல் என்று இருக்கும், பக்கத்தில் ஓவர் டிரைவை அணைக்க ஒரு சின்னப் பட்டன். அந்தப் பட்டனை அழுத்தினால் 4 வராது, 1, 2, 3-க்குள் வண்டி தானே மாறிக்கொள்ளும். 2-ல் வைத்தால் 1, 2 மட்டும். வேலி போட்ட மாதிரி, வேலிக்குள் அது இஷ்டம். டொயோட்டாவின் பல வண்டிகளில் எஸ் நிலையும் இதே வழிதான். மீட்டரில் 4 என்று காட்டினால் நாலாவது கியரில் ஓடுகிறது என்று பொருள் இல்லை, நாலு வரைக்கும் போகலாம் என்று பொருள். இது தெரியாமல் ஒருவர் என்னிடம் "4 காட்டுது, ஆனா சத்தம் ரெண்டாவது மாதிரி இருக்கு, மீட்டர் பொய் சொல்லுது" என்று சண்டைக்கு வந்தார்.

எம் என்று போட்டிருக்கும் வண்டிகளில் பெரும்பாலும் காட்டும் எண்தான் ஓடும் கியர். அதிலும் இரண்டு விதிவிலக்கு உண்டு. வேகம் ரொம்பக் குறைந்தால் தானே கீழ் கியருக்கு வந்துவிடும், நிறுத்தினால் 1-க்குப் போய்விடும், இல்லாவிட்டால் இன்ஜின் திணறிப்போகும். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) சிவப்புக் கோட்டைத் தொட்டால் சில வண்டிகள் தானே மேல் கியருக்குத் தாவிவிடும், சில தாவாது. உங்கள் வண்டி எந்த ரகம் என்பது கையேட்டில் இருக்கும். கையுறைப் பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்குமே, அதுதான்.

கோவை_ஓட்டி:
பிரிக்காமல்தான் கிடந்தது சார், இப்போதுதான் பிரித்தேன். எம் தான், காட்டும் எண்தான் கியர். நன்றி. ஆனால் இன்னொரு பயம் இருக்கிறது. 2-ல் இறங்கும்போது ஆர்பிஎம் முள் 4,000-ஐத் தொடுகிறது, இன்ஜின் அலறுகிறது. இதனால் கியர் பாக்ஸ் போய்விடாதா? பெட்ரோலும் குடிக்குமே?

சேலத்து_மச்சான்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பிரேக் பேட் தேய்ந்தால் சில ஆயிரத்தில் மாற்றிவிடலாம், கியர் பாக்ஸ் போனால் வண்டியை விற்கணும். எதுக்கு இந்த வம்பு?

ஸ்பானர்_பாண்டி:
மச்சான், இறக்கத்தில் பேட் தேய்வதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? சூடுதான் பிரச்சினை. 1,500 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி முழுவதும் நாலு பிரேக்கில் இறங்கினால் என்ன ஆகும்? முதலில் பிரேக் பேடின் பிடிமானம் போகும், எவ்வளவு மிதித்தாலும் கட்டையை மிதிக்கிற மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. அடுத்து சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3, டாட் 4 என்று பிரேக் ஆயிலில் தரம் உண்டு. டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230. ஆனால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நன்றாக ஈரம் ஏறிய ஆயில் டாட் 3-ல் 140-க்கும் டாட் 4-ல் 155-க்கும் இறங்கிவிடலாம். கொதித்தால் லைனுக்குள் ஆவி, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும். வாடை வந்ததோடு நின்றது உங்கள் அதிர்ஷ்டம். ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

4,000-க்கு வருவோம். பெட்ரோல் இன்ஜினுக்கு 4,000 ஒரு விஷயமே இல்லை. ஏறும்போது அதே 4,000 வந்திருக்கும், அப்போது பாட்டுப் போட்டிருந்ததால் கேட்டிருக்காது, அவ்வளவுதான். முள் சிவப்புக்குப் போகும் அளவுக்குக் கீழ் கியர் கேட்டால் கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரே கொடுக்காது, பல வண்டியில் "பீப்" என்று ஒரு சத்தத்தோடு மறுத்துவிடும். பெட்ரோலைக் கேட்டீர்களே, இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அந்த நொடியின் மைலேஜ் காட்டும் வண்டியாக இருந்தால் பாருங்கள், முள் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். நியூட்ரலில் உருட்டினால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போகும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் பெட்ரோலையும் விடுகிறார்கள், பிரேக்கையும் விடுகிறார்கள்.

அதற்காக பிரேக்கைத் தொடவே கூடாது என்று இல்லை. காலை வைத்து உரசிக்கொண்டே வராதீர்கள். வேகம் கூடும்போது அழுத்தி மிதித்துக் குறைத்துவிட்டு முழுசாக விடுங்கள், ஆறட்டும். வாடை வந்துவிட்டால் ஓரம் கட்டி பி (பார்க்கிங்) போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துக் காத்திருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம்.

நீலகிரி_டி43:
ஒன்றைச் சேர்க்கிறேன். பேடிலால் வேகம் குறைத்தால் பின்னால் பிரேக் லைட் எரியாது. மஞ்சு மூடிய நேரத்தில் பின்னால் வருகிறவனுக்கு உங்கள் வண்டி நெருங்குவதே தெரியாது, பிரேக் பெடலை லேசாகத் தொட்டு லைட் காட்டுங்கள். மழையில் 4-ல் இருந்து ஒரேயடியாக 2-க்கு இறக்காதீர்கள், அதுவும் வளைவுக்குள் வைத்து. முன் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே ஒவ்வொன்றாக.

சிவிடி_பக்தன்:
என்னுடையது ஹோண்டா சிட்டி சிவிடி. உண்மையில் கியரே கிடையாது, பெல்ட்டும் கப்பியும்தான், பேடில் தட்டினால் 7 கியர் இருப்பது போல 7 படி காட்டும். ஆனாலும் எஸ்-ல் போட்டுப் படியைக் குறைத்தால் நன்றாகவே பிடிக்கிறது. டி-யில் தட்டினால் உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும். டி-க்குத் திரும்ப வலது பேடிலைச் சில நொடி இழுத்துப் பிடித்தால் போதும்.

மின்வண்டி_ராஜா:
எங்கள் வண்டியில் பேடில் கியருக்கு இல்லை, காலை எடுத்தால் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு. நன்றாக இருக்கிறது, இறங்கி வரும்போது பேட்டரி ஏறும். ஆனால் ஊட்டியில் 100 வரை சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினேன், நிரம்பிய பேட்டரியில் கரண்டை எங்கே போடுவது? முதல் சில வளைவுக்குப் பிடிப்பே இல்லை. இப்போதெல்லாம் 80-ல் கழற்றிவிடுகிறேன்.

கோவை_ஓட்டி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ஏற்காடு போய் வந்தோம். உச்சியிலேயே எம்-க்குத் தள்ளிவிட்டு இருபது வளைவும் 2, 3-லேயே இறங்கினேன், பிரேக் மொத்தமாக எத்தனை முறை மிதித்தேன் என்று எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது. அடிவாரத்தில் இறங்கி முன் சக்கரத்துப் பக்கம் மோந்து பார்த்தேன், வாடை இல்லை. டீக்கடையில் ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சேலம் பைபாஸில் 60-ல் போகும்போது இன்ஜின் ஏன் இப்படிக் கத்துகிறது என்று யோசித்தால், எம்3-லேயே இருக்கிறது. டி-க்குத் திரும்ப மறந்துவிட்டேன். மாமா இந்த முறையும் கூட வந்திருந்தார், அதற்கு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.