சத்து சேர்த்த பாட்டில் சோதனை: பாஸ்பேட் போட்டால் குளோரோபில் குறையுமா?

மண்டபம்_கரை:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார் வளைகுடாவின் மேல்மட்ட நீரில் தாவர மிதவை உயிரிகளின் வளர்ச்சியைக் கட்டிப்போடுவது எந்தச் சத்து என்று பார்க்கும் சோதனை இது.

நீரை 200 மைக்ரான் வலையில் வடித்து 2 லிட்டர் கண்ணாடி பாட்டில்களில் நிரப்பினோம். கன்ட்ரோல், நைட்ரேட், பாஸ்பேட், இரண்டும் சேர்ந்தது என நான்கு வகை; வகைக்கு மூன்று பாட்டில். சத்துக்கு எஃப்/2 என்னும் பாசி வளர்ப்பு ஊடகத்தின் ஸ்டாக்கை (அடர் கரைசல்) லிட்டருக்கு 1 மி.லி. வீதம் விட்டோம். மொட்டைமாடித் தொட்டியில், பச்சை நிழல்வலைக்குக் கீழே 72 மணி நேரம் வைத்தோம். பிறகு பாட்டிலுக்கு 250 மி.லி. வடிகட்டி, ஃபில்டரை 10 மி.லி. 90% அசிட்டோனில் ஊறவைத்து, 1 செ.மீ. குவெட்டில் (சாறு ஊற்றும் சிறு பாத்திரம்) ஸ்பெக்ட்ரோ (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) ரீடிங் எடுத்தோம்.

தொடக்கத்தில் நைட்ரேட் 0.6, பாஸ்பேட் 0.15 மைக்ரோமோலார், மிதவைகளின் அளவைக் காட்டும் பச்சை நிறமியான குளோரோபில்-ஏ லிட்டருக்கு 0.45 மைக்ரோகிராம். முடிவில் கன்ட்ரோல் 0.9, நைட்ரேட் 2.8, இரண்டும் சேர்ந்தது 6-க்கு மேல். பாஸ்பேட் மட்டும் போட்டதில் சராசரி 0.3தான், அதிலும் மூன்று பாட்டில்கள் 0.1, 0.2, 0.6 என்று சிதறுகின்றன.

எதுவும் சேர்க்காத கன்ட்ரோல் ஏன் இரட்டிப்பாகிறது? பாஸ்பேட் உண்மையிலேயே குறைக்குமா? 'இங்கே நைட்ரஜன்தான் பற்றாக்குறை' என்று எழுதிவிடலாமா?

நீலப்பச்சை:

பாஸ்பேட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் ஸ்பெக்ட்ரோ கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 0.45 என்றால் 250 மி.லி.யில் இருப்பது 0.11 மைக்ரோகிராம். அதை 10 மி.லி. அசிட்டோனில் கரைத்தால் மி.லி.க்கு 0.011. ரீடிங்கைக் குளோரோபில் அளவாக மாற்றும் ஜெஃப்ரி–ஹம்ஃப்ரி சமன்பாட்டில் 664 நானோமீட்டர் அலைநீள ரீடிங்கைப் பெருக்கும் எண் 11.85. அப்படியானால் உங்கள் குவெட்டில் வரவேண்டிய ரீடிங் ஏறத்தாழ 0.001. உங்கள் 0.1-க்கும் 0.6-க்கும் இடையே ஸ்பெக்ட்ரோ காணும் வித்தியாசமும் அதே 0.001தான். குவெட்டின் மேல் பட்ட ஒரு விரல்ரேகை அதைவிட அதிகம் காட்டும். ஆகவே அந்தச் சிதறலை உயிரியல் என்று படிக்கவே முடியாது.

பாட்டிலில் 250 மி.லி.யைச் சத்து அளக்க எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் 1.75 லிட்டரையும் வடிகட்டுங்கள். 5 செ.மீ. குவெட் வையுங்கள். அதே 0.45-க்கு ரீடிங் 0.033 ஆகிவிடும், அதை நம்பலாம். அகலமான 5 செ.மீ. குவெட் நிரம்ப 10 மி.லி. போதாது, உள் அகலம் குறுகலானதைக் கேட்டு வாங்குங்கள். அக்கம்பக்கத்து ஆய்வகத்தில் ஃப்ளூரோமீட்டர் (குளோரோபில் உமிழும் ஒளியை அளக்கும் கருவி) இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். அதற்கு 250 மி.லி. தாராளம்.

பலரும் தவறவிடுவது இன்னொன்று. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவெட்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அசிட்டோன் பட்ட சில நொடிகளில் உள்சுவர் பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். கண்ணாடி குவெட் மட்டுமே. 750 நானோமீட்டரில் வரும் ரீடிங்கை ஒவ்வொரு அலைநீளத்திலிருந்தும் கழிப்பதையும் விடாதீர்கள். ஃபில்டர் நார் மிதந்தால் அங்கேதான் தெரியும். சாற்றைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளிய வைத்த பிறகே ஊற்றுங்கள். ஊறல் 24 மணி நேரம், ஃபிரிட்ஜில், இருட்டில். வடிகட்டும்போது உறிஞ்சு அழுத்தம் 150 மி.மீ. பாதரசத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் மென்மையான செல்கள் உடைந்து, நிறமி வடிநீரோடு போய்விடும்.

கடலடி:

நீலப்பச்சை சொன்னது அளவீட்டுக் கோளாறு. சோதனை அமைப்பிலும் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது: எஃப்/2.

அந்த நைட்ரேட் ஸ்டாக் லிட்டருக்கு 75 கிராம் சோடியம் நைட்ரேட். 1 மி.லி. விட்டால் கடல்நீரில் 882 மைக்ரோமோலார். பாஸ்பேட் 36. இயற்கையில் 0.6 இருந்த இடத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல் கொட்டியிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் பாசியை அடர்த்தியாக வளர்ப்பதற்கான அளவு அது. அவ்வளவு உப்பைப் போடும்போது அதிலுள்ள சிறு மாசும், இரும்பு உட்பட, கூடவே இறங்கும். உங்கள் 'நைட்ரேட் மட்டும்' பாட்டிலில் நைட்ரேட் மட்டும்தான் இருந்தது என்று சொல்ல வழியில்லை.

ரெட்ஃபீல்ட் விகிதம் (மிதவை உயிரிகளில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம்) 16:1-ஐ ஒட்டிப் போடுங்கள். நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.6 மைக்ரோமோலார் போதும். சோடியம் நைட்ரேட் 0.85 கிராமை 100 மி.லி. தூய நீரில் கரைத்தால் 100 மில்லிமோலார் ஸ்டாக். 2 லிட்டருக்கு 0.2 மி.லி. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.136 கிராம் 100 மி.லி.யில் 10 மில்லிமோலார். 2 லிட்டருக்கு 0.12 மி.லி. சிலிகேட்டுக்கும் ஒரு வகை சேர்த்தால் நல்லது. டயட்டம்களுக்கு (சிலிகா ஓடுள்ள பாசி) நைட்ரஜனும் சிலிக்கானும் ஏறக்குறைய சமமாக வேண்டும், அதனால் அதையும் 10 போடுங்கள்.

கண்ணாடி பாட்டில் இந்தச் சோதனைக்கு ஆகாது. சிலிகேட் கசியும், டயட்டம்களுக்கு அது தீனி. பாலிகார்பனேட் எடுங்கள். கழுவ 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு இரவு; பிறகு தூய நீர், கடைசியில் அதே கடல்நீரால் மூன்று முறை அலசல். நைட்ரிக் அமிலம் வேண்டாம், நைட்ரேட் சோதனையில் அதன் ஒட்டுமிச்சமே கணக்கைக் கெடுக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம்.

பச்சை வலையையும் மாற்றுங்கள். அது வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிறத்தையும் மாற்றுகிறது. கருப்பு வலை 50% உள்ளதை இரண்டு அடுக்காகப் போட்டால் கால்பங்கு வெளிச்சம் இறங்கும். தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். மொட்டைமாடியில் தேங்கிய நீர் மதியத்துக்குள் சூடேறிவிடும். பிறகு நீங்கள் அளப்பது வெப்பத்தின் விளைவைத்தான்.

மண்டபம்_கரை:

மிக்க நன்றி. பாட்டிலும் ஸ்டாக்கும் மாற்றிவிடுகிறோம். ஒரு சந்தேகம் பாக்கி. அளவீடு சரியாக இருந்தாலும் பாஸ்பேட்டால் குளோரோபில் குறைவது நடக்கக்கூடியதா?

அலைமேடு:

நடக்கும், நடந்தும் இருக்கிறது. 2002 மே மாதம் கிழக்கு மத்தியதரைக் கடலில், சைப்ரஸுக்குத் தெற்கே, திறந்த கடலிலேயே பாஸ்பேட் கரைத்துவிட்டுப் பார்த்தார்கள். பாஸ்பரஸ் பஞ்சத்துக்குப் பேர்போன கடல் அது, குளோரோபில் கூடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குறைந்தது. கூடியது பாக்டீரியா உற்பத்தியும் கோப்பிபாட் (மிதவைகளை மேயும் சிறு விலங்கு) முட்டைகளும். தாவர மிதவைகளுக்கு நைட்ரஜனும் சேர்ந்தே பற்றாக்குறையாக இருந்ததால் வந்த பாஸ்பேட்டை வளர்ச்சியாக்க முடியவில்லை. அது உணவுச் சங்கிலியின் மேல்படிக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த கடல் சோதனை இது. குளோரோபில் ஒன்றை மட்டும் அளந்திருந்தால் 'பலனில்லை' என்று மூட்டை கட்டியிருப்பார்கள். ஆனால் இதை வைத்து உங்கள் 0.3-ஐ நியாயப்படுத்த வேண்டாம். அது அளவீட்டுச் சத்தம்தான்.

கன்ட்ரோல் ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் வலை. 200 மைக்ரானில் வடித்ததும் கோப்பிபாட் போய்விட்டது. அது தின்னும் சிலியேட்டுகள் (சிறு மிதவைகளை மேயும் ஒருசெல் உயிரிகள்) தப்பிப் பெருகும், டயட்டம்கள் மேயப்படுவதும் குறையும். எந்தப் பக்கம் சாயும் என்பது அன்றைய நீரைப் பொறுத்தது. நிழலில் வைத்தால் செல் பெருகாமலே ஒவ்வொரு செல்லிலும் குளோரோபில் கூடுவதும் உண்டு. அதனால் லூகால் அயோடினில் கொஞ்சம் நீரைப் பதப்படுத்தி, செல்லை எண்ணியே ஆகவேண்டும்.

மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் பச்சை நாக்டிலூகா என்ற ஒருசெல் உயிரி படர்ந்திருக்கும் நாட்களில் நீர் எடுத்தால் இன்னும் கவனம். அதன் செல் பெரும்பாலும் 200 மைக்ரானுக்கு மேல் போகும், வலையிலேயே நின்றுவிடும். அதனுள் குடியிருக்கும் பச்சைப் பாசியின் குளோரோபிலும் அதோடு போய்விடும். வலையில் தங்கியதைத் தனியாகக் கழுவி அளந்து வையுங்கள்.

'நைட்ரஜன் பற்றாக்குறை' என்று இப்போதைக்கு எழுத வேண்டாம். 0.6-க்கு 0.15 என்றால் விகிதம் 4, அது நைட்ரஜன் பக்கம்தான் கைகாட்டுகிறது. ஆனால் அம்மோனியமும் நைட்ரஜன் சத்துதான், அதை நீங்கள் அளக்கவில்லை. பாஸ்பேட்டை நீல நிறமாக்கி அளக்கும் மர்ஃபி–ரைலி முறையில் 0.15 மைக்ரோமோலார் பாஸ்பேட் 1 செ.மீ. குவெட்டில் தருவது 880 நானோமீட்டரில் சுமார் 0.003. அந்த நீலம் கண்ணுக்கே தெரியாது. 10 செ.மீ. குவெட் போட்டு, பிளாங்க்கை (பாஸ்பேட் இல்லாத ஒப்பீட்டு நீர்) மூன்று முறை ஓட்டிய பிறகு அந்த 0.15 நிற்கிறதா என்று பாருங்கள். சத்து மாதிரிகளை நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் உறைய வைக்கலாம். சிலிகேட்டுக்கு மட்டும் தனி பிளாஸ்டிக் பாட்டிலில், உறைய விடாமல், ஃபிரிட்ஜில்.

72 மணி நேரத்தில் மட்டும் பார்க்காமல் 24-இலும் 48-இலும் பாருங்கள். ஒரே பாட்டிலைத் திரும்பத் திரும்பத் திறக்காமல் ஒவ்வொரு நேரத்துக்கும் தனி பாட்டில். சிலிகேட்டோடு சேர்த்து ஐந்து வகை, மூன்று நேரம், மும்மூன்று என்றால் 45 பாட்டில், 90 லிட்டர் நீர். அதை ஒரே பெரிய தொட்டியில் கலந்து, கலக்கிக்கொண்டே, வகை வாரியாக இல்லாமல் மாற்றி மாற்றி நிரப்புங்கள். இல்லையென்றால் அடியில் படிந்ததெல்லாம் கடைசியாக நிரப்பும் வகைக்கே போகும்.

கடலடி:

45 கையாள முடியாது என்றால் 24 மணி நேரத்தை விட்டுவிடுங்கள், மும்மூன்றைக் குறைக்காதீர்கள். தொடக்க நேரத்து மாதிரிக்கும் மூன்று பாட்டில் வேண்டும். தொட்டியிலிருந்து நேரே மொண்டு எடுக்காமல், மற்றவற்றைப் போலவே நிரப்பி உடனே வடிகட்டுங்கள்.