துகள் ஓட்டம் சரியில்லை, மாத்திரை எடை நிற்கவில்லை

பாராசிட்டமால் 500 மி.கி., மாத்திரை எடை 600 மி.கி. ஈரமுறை கிரானுலேஷன் (பவுடரை ஈரப்படுத்தித் துகளாக்குவது), பிவிபி கே30 பைண்டர் (ஒட்டுப்பொருள்) 3%. 27 ஸ்டேஷன் ரோட்டரி மெஷின், ஃபோர்ஸ் ஃபீடர் (பவுடரை அச்சுக்குள் தள்ளும் துடுப்பு) உண்டு. இடம் புதுச்சேரி, அறை ஈரப்பதம் 50%.

மூன்று பேட்ச்சாக இதே கதைதான். 40 ஆர்பிஎம்மில் ஹாப்பர் (மேலே பவுடர் கொட்டும் தொட்டி) பாதி இறங்கியதும் நடுவில் குழாய் போல ஓட்டை விழுகிறது, ஓரத்தில் பவுடர் அப்படியே நிற்கிறது. எடை 560-க்கு இறங்கிவிடுகிறது. வரம்பு ±5%, அதாவது 570 முதல் 630.

பல்க் டென்சிட்டி (தட்டாமல் கொட்டிய அடர்த்தி) 0.42, டேப்டு (தட்டி இறுக்கிய பின்) 0.58. கார் இன்டெக்ஸ் 27.6, ஹவுஸ்னர் 1.38 (இரண்டும் ஓட்டத்தைக் காட்டும் எண்கள், கூடினால் ஓட்டம் மோசம்). சாய்வுக் கோணம் (கொட்டிய குவியலின் சரிவு) 43°. கோணத்தை மட்டும் பார்த்தால் 'பரவாயில்லை' ரகம், அதை நம்பியதுதான் தவறு. 100 மெஷ் சல்லடையில் 35% தூளாக இறங்குகிறது.

ஏரோசிலை (ஓட்டத்துக்கு உதவும் சிலிக்கா தூள்) 0.2-லிருந்து 0.5% ஆக்கியதில் கார் 24 ஆனது, எடை மாறவில்லை. மெக்னீசியம் ஸ்டியரேட் (அச்சில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் மசகு) கலக்கும் நேரத்தை 5 நிமிடத்திலிருந்து 3 ஆகக் குறைத்தும் பயனில்லை. எல்ஓடியை (துகளில் மிச்சமிருக்கும் ஈரம், %) 2.8-லிருந்து 1.9-க்கு இறக்கினால் கேப்பிங் (மாத்திரையின் மேல்பகுதி கழன்று வருவது). ஃபீடர் வேகத்தைக் கூட்டினால் கிரானுல் உடைந்து தூள் இன்னும் அதிகமாகிறது. 25 ஆர்பிஎம்மில் எடை நிற்கிறது, ஆனால் உற்பத்தி கட்டுப்படியாகாது.

தூளைக் குறைக்க முதலில் எதை மாற்றலாம்: பைண்டரை 4% ஆக்குவதா, மில் சல்லடையை 1.0 மி.மீ.யிலிருந்து 1.5-க்கு மாற்றுவதா?