கலைக்காக மக்கள் பிரதிநிதிகளிடம் சென்ற அனுபவங்கள்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து, ஒரு நாடக நெறியாளர்:

வரவுசெலவுத்திட்டக் காலத்தில் எங்கள் நாடகக் குழுவிலிருந்து மூவர், தமிழ் நாடகத்துக்கு அரச உதவி கேட்டு, ஒரு பாராளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கச் சென்றோம். முன்பெல்லாம் இத்தகைய கோரிக்கைகளை மாகாண சபை உறுப்பினர்களிடமே கொண்டு செல்வோம். மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019 இல் முடிவடைந்த பின்னர் அதற்குத் தேர்தல் நடத்தப்படாததால், ஆளுநரின் நிர்வாகம் இருக்கிறதே தவிர, நாம் வாக்களித்துத் தெரிவுசெய்து, முகம் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் அங்கே இல்லை. ஆகவே, பாராளுமன்றத்திலுள்ள 225 பேரில் ஒருவரையாவது கலையின் பக்கம் திருப்ப வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அவர் எங்களை அன்போடு வரவேற்றார். விழா எப்போது என்று கேட்டார். கட்டாயம் வருவதாகவும், மூத்த கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதாகவும், உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்து ஓர் ஒலிபெருக்கித் தொகுதி வாங்கித் தருவதாகவும் சொன்னார். அந்த அன்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஒலிபெருக்கி எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது ஒத்திகைக்கு ஓர் இடமும், ஆண்டுதோறும் நம்பியிருக்கக்கூடிய ஒரு சிறு ஒதுக்கீடுமே.

நாங்கள் ஒரே ஒரு தாளைக் கொண்டு சென்றிருந்தோம். முன்பக்கத்தில் தமிழிலும் பின்பக்கத்தில் சிங்களத்திலும், எங்கள் கடைசி மேடையேற்றத்தின் கணக்கு மட்டும் இருந்தது. அவர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார்: மண்டப வாடகை, ஒளியமைப்பு, மிருதங்கக் கலைஞர், உடை, ஒப்பனை. நடிகர்கள் என்ற வரிக்கு எதிரே ஒரு கோடு மாத்திரம் இருந்தது. எழுத மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். எங்களோடு வந்திருந்த, அந்நாடகத்தின் முதன்மைப் பாத்திரத்தை ஏற்ற பெண், மறக்கவில்லை ஐயா, யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை முடித்து, இரவு ஒத்திகைக்கு வந்து, திரும்பும்போது முச்சக்கர வண்டிக்குத் தன் சம்பளத்திலிருந்தே கொடுப்பதாக, குரலை உயர்த்தாமல் சொன்னார். பென்சில் அந்தக் கோட்டிலேயே நின்றது. நான் ஒரு வாரமாகத் தயாரித்து வைத்திருந்த பேச்சு செய்யாததை அந்த ஒரு வரி செய்தது.

அதன்பின் அவர் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டார். மருத்துவமனைகளில் மருந்து போதாத நாட்டில் நாடகத்துக்குப் பணம் கேட்பது சரியா? இக்கேள்விக்குச் சினம் கொள்ளாமல் பதில் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். அரசின்மீது நாங்கள் புதிய கடமை எதையும் சுமத்தவில்லை என்றேன். 1952 இல் சட்டம் இயற்றி, கலைகளை வளர்ப்பதற்கான இலங்கைக் கலைக்கழகத்தை அமைத்ததன் மூலம் இக்கடமையை அரசே ஏற்றுக்கொண்டது. அக்கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை தாங்கியதால்தான், வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து நகர மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் அறிஞர்களுக்குச் சமமாக மதிக்கப்பட்டார்கள். 1911 இல் திறக்கப்பட்ட, சிங்கள நாடகத்துக்குப் பேர்போன மருதானை டவர் மண்டபத்துக்காக 1978 இல் தனிச் சட்டமே நிறைவேற்றப்பட்டது. சிங்கள நாடகத்துக்குக் கிடைத்ததைப் பறித்துத் தருமாறு நாங்கள் கேட்கவில்லை, அதே கதவைத் தமிழ் நாடகத்துக்கும் திறந்து வையுங்கள் என்கிறோம் என்றேன்.

கோரிக்கையை இரண்டே வரிகளில் எழுதித் தரச் சொன்னார். கலாசார அமைச்சின் செலவினத் தலைப்பு மீதான குழுநிலை விவாதத்தில் அவற்றுள் ஒன்றை ஏறக்குறைய அப்படியே வாசித்தார். பணம் இன்னும் ஒதுக்கப்படவில்லை. ஆனால் அந்த வரி பாராளுமன்ற உரைகளின் பதிவேடான ஹன்சாட்டில் பதிவாகியிருக்கிறது. அடுத்த முறை யாரைச் சந்தித்தாலும் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துச் செல்வோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எங்கள் அனுபவம் சிறியது, ஆனால் நேரம் வீணாகாமல் இருக்க மற்றவர்களுக்கு உதவும். தவக்காலத்தில் நாங்கள் திருப்பாடுகளின் காட்சியை மேடையேற்றுவதுண்டு. நுழைவுச்சீட்டுகளைக் கட்டுக் கட்டாக எடுத்துச் சென்று, முத்திரை குத்திய பின்பே விற்க வேண்டும். கேளிக்கை வரியில் விலக்குக் கேட்டு நாங்களும் முதலில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரிடமே போனோம். அது 1946 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்கீழ் உள்ளூராட்சி மன்றங்கள் அறவிடும் வரி என்பதை அங்கேதான் அறிந்தோம். இரண்டு வாரம் போய்விட்டது. பின்னர் எங்கள் வட்டார மாநகர சபை உறுப்பினரைப் பூசை முடிந்து கோயில் வாசலிலேயே சந்தித்தோம். அவர் விண்ணப்பத்தில் எந்த வாசகம் இருக்க வேண்டும் என்று நின்ற இடத்திலேயே சொல்லித் தந்தார். எதைக் கேட்பது என்று யோசிக்கும் முன்பே, அது யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மட்டக்குளியிலிருந்து:

நாங்கள் ஒருவரையும் தேடிப் போகவில்லை, ஒரு பாராளுமன்ற உறுப்பினரை ஒத்திகைக்கு அழைத்தோம். உறுப்பினர் வரவில்லை, அவருடைய இணைப்புச் செயலாளர் வந்தார். மண்டபத்துக்கு அனுமதி கிடைக்காததால் பாடசாலைத் தாழ்வாரத்தில் வாங்குகளை ஓரமாக நகர்த்திவிட்டுக் கூத்துப் பழகிக்கொண்டிருந்தோம். எட்டரை மணிக்குக் காவலாளி வழக்கம்போல விளக்கை அணைத்தார். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை, பிள்ளைகளும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. செயலாளர் தன் கைத்தொலைபேசி வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்தபடி அந்தத் தரு (கூத்துப் பாடல்) முடியும்வரை நின்றார். மறுநாள் காலை அவரே அழைத்து, மண்டபத்துக்கான கடிதத்தை அதிபருக்கு எழுதுவதா, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுவதா என்று கேட்டார்.