எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர்: கோதுருவி, கோதெற்றி என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் நண்பர்களே,

நெம்புகோல் ரைஃபிள் பராமரிப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் இந்த இரண்டு உறுப்புகளுக்கு மட்டும் பரிந்துரைகள் குவிந்துகொண்டே போகின்றன. பிரித்தெடுப்பி, வெளியேற்றி, வெளித்தள்ளி, உமிழி, பிடுங்கி, இழுப்பி. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் பெரிய குறை இல்லை. சரி, இரண்டையும் ஒரே வரியில் போட்டுப் பாருங்கள்: "வெளியேற்றி தளர்ந்திருந்தால் வெளித்தள்ளி சரியாக இருந்தும் பயனில்லை." எது எது என்று யாருக்காவது விளங்குகிறதா? இந்த இரண்டும் செய்கிற வேலை வேறு, கெட்டால் காட்டும் அறிகுறி வேறு, துப்பாக்கிக்குள் இருக்கும் இடமும் வேறு. சொல்லைப் பார்த்தவுடன் அந்த வேறுபாடு தெரியவில்லை என்றால், கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் நல்ல உறுப்பைக் கழற்றி மாற்றிவிட்டு, கெட்டதை அப்படியே உள்ளே விட்டுவிடுவார்.

> முதலில் இரண்டும் என்ன செய்கின்றன என்று எளிமையாகச் சொல்லுங்கள், அப்புறம் சொல் தேடலாம்.

நியாயமான கேள்வி. சுட்டு முடிந்ததும் வெற்றுக் கோது, அதாவது குண்டு போனபின் மிஞ்சும் தோட்டாவின் உறை, குழலின் பின்முனையில் தோட்டாவுக்கான அறையில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். நெம்புகோலைக் கீழே தள்ளினால், அறையின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட் பின்னே நகரும். அதன் முகத்தில் இருக்கும் கொக்கி கோதின் அடிவிளிம்பைப் பிடித்து அறையிலிருந்து வெளியே இழுத்துவரும். இதுதான் எக்ஸ்ட்ராக்டர், கோதை இழுத்து, அது வெளியே பறக்கும்வரை பிடித்துவைத்திருப்பது இதன் வேலை. கோது இப்போது அறைக்கு வெளியே, ஆனால் இன்னும் துப்பாக்கிக்குள், கொக்கியின் பிடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கொக்கிக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு உறுப்பு கோதின் அடியில் மோத, கொக்கியை அச்சாகக் கொண்டு கோது சுழன்று வெளியே பறக்கிறது. மோதுகிற உறுப்பு எஜெக்டர்.

ஆக ஒன்று உருவுகிறது, மற்றொன்று எற்றுகிறது. வாளை உறையிலிருந்து உருவுவது போலத்தான் இதுவும், இறுக்கமான ஒன்றுக்குள் இருப்பதை நீளவாக்கில் இழுப்பதற்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. எற்றுதல் என்றால் உதைத்துத் தள்ளுதல். பந்தை எற்றினான் என்று எழுதியிருக்கிறோம், கொஞ்சம் பழைய சொல்தான், ஆனாலும் செத்துப்போன சொல் இல்லை.

> உருவி, எற்றி இரண்டுமே வினையெச்சம் மாதிரி இருக்கின்றனவே. "உருவி எடுத்தான்", "எற்றி விட்டான்" என்று குழப்பம் வராதா?

தனியாக நின்றால் வரும். தாங்கி, தூக்கி, பெருக்கி எல்லாவற்றுக்கும் இதே சிக்கல் இருந்தது, சுமைதாங்கி, மின்தூக்கி, ஒலிபெருக்கி என்று முன்னால் ஒரு பெயர் ஒட்டியதும் தீர்ந்துவிட்டது. இங்கேயும் கோது என்பதை முன்னால் ஒட்டிவிடலாம். கோதுருவி, கோதெற்றி. புணர்ச்சியும் இயல்பாகவே வருகிறது, இடையில் எதையும் திணிக்க வேண்டாம்.

கோது வேண்டாம், உறை போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். உறை என்றால் துப்பாக்கியைப் போட்டுவைக்கிற பையும் உறைதான். ஒரே கையேட்டில் இரண்டும் வரும்போது எதற்கு வம்பு? முட்டைக்கோது, புளியங்கோது என்று உள்ளே இருப்பது போனபின் மிஞ்சுவதைச் சொல்லும் சொல் கோது, ஈழத்து எழுத்தில் தோட்டாவுக்கும் அப்படியே வந்திருக்கிறது. சுடாத முழுத் தோட்டாவையும் இதே உறுப்புகள்தானே வெளியே எடுக்கின்றன என்றால், ஆமாம், ஆனால் அப்போதும் கொக்கி பிடிப்பது கோதின் விளிம்பைத்தான், குண்டை அல்ல.

மற்ற பரிந்துரைகளைச் சுருக்கமாகத் தாண்டிவிடுகிறேன். பிரித்தெடுப்பி வேதியியலில் வேறு வேலையாக இருக்கிறது. உமிழியை மின்னணுவியல்காரர்கள் எமிட்டருக்கு எழுதுகிறார்கள். பிடுங்கி பொருளில் சரிதான், "நீ பெரிய பிடுங்கியா" என்கிற வழக்கு இருக்கும்வரை அதைப் பாகங்களின் பட்டியலில் அச்சிட யாருக்கும் மனம் வராது. தெறிப்பி எனக்குப் பிடித்திருந்தது, கோதெற்றி பலருக்கு ஒவ்வவில்லை என்றால் அதற்குப் போகலாம்.

இப்போது முக்கியமான சோதனைக்கு வருகிறேன். பழுதுபார்க்கும் பக்கத்தை இந்தச் சொற்களை வைத்து எழுதிப் பார்த்தேன், அங்கே நின்றால்தான் எந்தச் சொல்லும் நிற்கும். வரைவை அப்படியே தருகிறேன், நடுநடுவே என் குறிப்புகளோடு.

தோட்டாக்கூடும் அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். குழாய் வடிவத் தோட்டாக்கூடு உள்ள ரைஃபிளில் நெம்புகோலைச் சில தடவை இயக்கியதும் ஒன்றும் வரவில்லை என்பதால் காலி என்று முடிவு கட்டக்கூடாது, ஏனென்றால் வெளியே எடுப்பதிலேயே பழுது என்றுதானே இதைப் பிரிக்கவே போகிறோம். வீட்டுக்குள் சோதிக்கப் போலித் தோட்டாக்கள் போதும். அவற்றோடு சுட்ட வெற்றுக் கோதுகளையும் போட்டுப் பார்க்க வேண்டும், நீளம் வேறு என்பதால் வெளியே பறக்கும் விதமும் வேறாக இருக்கும்.

நெம்புகோலை முழுக்கத் திறந்தும் கோது அறையிலேயே நிற்கிறது என்றால் பார்க்க வேண்டியது கோதுருவி. பெரும்பாலும் கொக்கியின் அடியில் கரியும் பித்தளைத் துகளும் அடைந்து, அது விளிம்பின்மேல் முழுதாகப் படியாமல் போயிருக்கும். கரைப்பான் தொட்டு மரக்குச்சியால் சுரண்டினாலே பாதி நேரம் சரியாகிவிடும். போல்ட்டைக் கழற்றி, வெற்றுக் கோதின் விளிம்பைக் கொக்கிக்குள் செருகிப் பாருங்கள், கையை எடுத்தபின் கோது தானாக நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் கொக்கி தேய்ந்திருக்கிறது, அல்லது வில்லின் (ஸ்பிரிங்) இறுக்கம் போய்விட்டது.

கொக்கி நன்றாக இருந்தும் கோது வரவில்லை, விளிம்பு கிழிந்திருக்கிறது, நெம்புகோலைத் திறக்கக் கை வலிக்கிறது என்றால் குற்றவாளி அறை. அல்லது அளவுக்கு மீறிய அழுத்தம் தரும் தோட்டா. போல்ட்டைக் கையால் திருப்பித் திறக்கிற ரைஃபிள்களில் அந்தத் திருப்பலே கோதை முதலில் அசைத்துக் கொடுக்கும், நெம்புகோல் ரைஃபிள்கள் பெரும்பாலானவற்றில் அந்த முதல் அசைவின் பலம் குறைவு, அதனால் அழுக்கு அறையை இவை எளிதில் மன்னிப்பதில்லை. .357 மேக்னம் தோட்டாவுக்கான ரைஃபிளில் அதைவிடக் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். .38இன் கோது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குட்டை, அதன் வாய்க்கு முன்னால் அறைச்சுவரில் கரி வளையமாகப் படியும், பிறகு நீளமான .357 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கோது அந்த வளையத்தில் இறுகிக்கொள்ளும். அறையைத் தூரிகையால் தேய்ப்பதை விட்டுவிட்டுக் கொக்கியை மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு பயனும் இல்லை. வழுக்கட்டும் என்று அறைக்குள் எண்ணெயை ஊற்றுவதும் கூடாது, சுடும்போது கோது அறைச்சுவரைப் பற்றாமல் பின்னே போய் போல்ட்டின்மேல் சுமையை ஏற்றும்.

கோது அறையைவிட்டு வந்துவிட்டது, வெளியே பறக்காமல் உள்ளேயே கிடக்கிறது என்றால் கோதெற்றிப் பக்கம் போகலாம். ஆனால் கழற்றுவதற்குமுன் நெம்புகோலை முழுக்க, சற்று வேகமாக வீசிப் பாருங்கள். இதற்கும் ஒரு சொல் வேண்டும், நெம்புகோலைக் கடைசிவரை தள்ளாமல் பாதியில் திருப்புவதற்குக் குறைவீச்சு என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். மார்லின் 336 ரைஃபிளில் எஜெக்டர் உடற்கூட்டின் இடச்சுவரில் இருக்கிறது, போல்ட் கிட்டத்தட்ட முழுதாகப் பின்னே வரும்போதுதான் அதன் முனை போல்ட்டின் பள்ளம் வழியே முன்னே நீட்டிக் கோதின் அடியில் மோதும். குறைவீச்சு என்றால் மோதலே நடக்காது. மெல்லத் திறந்தால் கோதும் மெல்ல உருண்டு விழும், வீசித் திறந்தால் தூரம் போகும்.

வின்செஸ்டர் 1892இல் கதையே வேறு. அங்கே எஜெக்டர் போல்ட் முகத்தின் அடிப்பகுதியில், சுருள்வில்லின் அழுத்தத்தில், எப்போதும் கோதை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். கோதின் வாய் அறையைவிட்டு விடுபட்டதும் மேலே தூக்கி அடிக்கும், கையின் வேகம் அவ்வளவாகப் பொருட்டில்லை.

> அப்படியானால் கோதெற்றியில் இரண்டு வகை. நிலையெற்றி, வில்லெற்றி என்று பிரிக்கலாமே?

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்லின் 336இன் எஜெக்டரிலும் ஒரு தட்டைவில் இருக்கிறதே, அது வில்லெற்றியா? படிப்பவர் வில்லைப் பார்த்ததும் வகையைத் தப்பாகக் கணித்துவிடுவார். எப்போது அடிக்கிறது என்பதை வைத்துப் பிரிப்போம். கோது பின்னே வந்து முட்டிக்கொள்வது முட்டெற்றி, தொடக்கத்திலிருந்தே உந்திக்கொண்டிருப்பது உந்தெற்றி. முட்டெற்றி என்றால் முதலில் கையைச் சந்தேகப்படு, உந்தெற்றி என்றால் முதலில் வில்லைச் சந்தேகப்படு என்று வழியும் தெரிந்துவிடுகிறது.

336இல் போல்ட்டை உருவியதும் எஜெக்டர் சுவரிலிருந்து கழன்று கீழே விழுந்துவிடும். நெம்புகோலின் திருகாணி ஒன்றைக் கழற்றினாலே நெம்புகோலும் போல்ட்டும் வந்துவிடுவதால் எல்லாரும் உற்சாகமாகப் பிரித்துவிடுகிறார்கள், திரும்பப் பூட்டும்போது எஜெக்டரின் சிறு குமிழைச் சுவரின் துளையில் உட்கார வைத்து, விலகாமல் பிடித்துக்கொண்டே போல்ட்டைச் செருக வேண்டும். திருப்புளி ஆணியின் வெட்டில் அச்சாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் வெட்டு சிதைந்து அடுத்த முறை கழற்றவே முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் வரைவில் சேர்த்திருக்கிறேன். கொக்கியின் பிடி தளர்ந்திருந்தால் கோது அறையைவிட்டு வரும், ஆனால் மோதலுக்குமுன் நழுவி உள்ளே விழுந்துவிடும். பார்க்க எற்றுவதில் பழுது போலவே இருக்கும், பழி கோதெற்றிமேல் விழும். மேலே சொன்ன செருகிப் பார்க்கும் சோதனையை இதற்கும் செய்துவிட வேண்டும். பாருங்கள், இரண்டு சொல்லும் ஒன்றைப்போல் ஒன்று ஒலித்தால் இந்தப் பத்தியை எழுதவே முடியாது.

> குறிநோக்கி (ஸ்கோப்) பொருத்திய ரைஃபிளில் கோது வெளியே போய்த் திரும்ப உள்ளே விழுகிறது. இதற்குப் பெயர்?

பெயர் வேண்டாம். "கோது எதிலோ பட்டுத் திரும்புகிறது" என்று எழுதினால் போதும், பழுதோடு வருகிறவர் அந்த வாக்கியத்தோடுதான் வருவார். அறிகுறிகளுக்கெல்லாம் பெயர்ச்சொல் செய்துகொண்டே போனால் கையேட்டுக்கு ஒரு அகராதி தேவைப்படும். பழைய வின்செஸ்டர் 94 கோதை நேர் மேலே வீசும், 1980களில்தான் குறிநோக்கிக்கு வழிவிட்டுச் சாய்வாக வீசும்படி மாற்றினார்கள். மார்லின் 1889 மாதிரியிலேயே பக்கவாட்டில் வீசத் தொடங்கிவிட்டது. எனவே குறிநோக்கியின் அடிப்பிடி எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே விடை கிடைக்கும்.

> 1873 வின்செஸ்டரில் எஜெக்டர் எங்கே என்று தேடிச் சலித்துவிட்டேன். படத்தில் அம்புக்குறி எங்கே போட?

போட வேண்டாம், தனியாக ஒன்று அதில் கிடையாது. அடுத்த தோட்டாவை மேலே தூக்கும் ஏந்தி எழும்போது, கொக்கியில் தொங்கும் வெற்றுக் கோதை அதுவே மேலே தட்டிவிடும். 1860இன் ஹென்றி ரைஃபிளிலும் 1866இலும் இதே ஏற்பாடுதான். 1873இன் பாகப் பட்டியலில் கோதெற்றி வரியை எடுத்துவிட்டு, ஏந்திக்கு எதிரே "கோதையும் இதுவே எற்றும்" என்று சேர்த்துவிடுங்கள். அந்த ரைஃபிளில் கோது உள்ளே தங்கினால் ஏந்தி முழு உயரம் எழுகிறதா, அதன் பக்கச் சுவர்களில் கரி அடைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.