கலியாவின் 2020: கழுத்துப்பிடித் தடை காகிதத்தோடு நின்றதா?

செங்கோடன்:
அமெரிக்கக் காவல் துறைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கலியா (CALEA) அமைப்பு, கழுத்துப்பிடி, தலையிடும் கடமை ஆகியவை பற்றி 2020இல் செய்த மாற்றங்களைச் சிலர் பெரிய சீர்திருத்தம் என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 1979இல் நான்கு காவல் சங்கங்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு இது. தலைமையகம் விர்ஜினியாவின் கெயின்ஸ்வில். 1984இல் முதல் சான்று பெற்றது புளோரிடாவின் மவுண்ட் டோரா காவல் துறை. சேர்வதும் விலகுவதும் துறையின் விருப்பம்.

2020 மே 25இல் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலர்களின் பிடியில் இறந்தார். ஜூன் 16இல் அதிபர் டிரம்ப் 13929ஆம் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். கூட்டாட்சி நீதித்துறை தன் விருப்பப்படி காவல் துறைகளுக்குக் கொடுக்கும் மானியம் வேண்டுமானால், சுதந்திரமான ஒரு சான்றளிக்கும் அமைப்பின் ஒப்புதல் வேண்டும். கட்டாய நிபந்தனைகள் இரண்டுதான்: பலப்பிரயோக விதிகள் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும், உயிர்பறிக்கும் பலம் அனுமதிக்கப்படும் நேரம் தவிர கழுத்துப்பிடி கூடாது. கையேட்டில் இரண்டு வாக்கியம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்குச் சான்று என்று பெயர் வந்தது. என் குற்றச்சாட்டு இதுதான்.

கோப்பறை:
மானியத்துக்கான சான்றும் கலியாவின் முழுத் தரச்சான்றும் ஒன்றல்ல. முதலாவதற்கு 2021 ஜனவரி 31 கெடு. மாநிலப் பயிற்சி வாரியங்களும் சங்கங்களும்கூட அதைக் கொடுத்தன. நீங்கள் சொல்லும் இரண்டு வாக்கியச் சோதனை அங்கேதான் நடந்தது. முழுத் தரச்சான்றின் மேல்நிலையில் 400க்கும் அதிகமான தரங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எழுத்து ஆணை மட்டும் போதாது, அது நடைமுறையில் இருக்கிறது என்பதற்குச் சான்று ஆவணமும் கோப்பில் ஏற வேண்டும்.

சுழற்சியும் மாறிவிட்டது. முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை மதிப்பீட்டாளர்கள் நேரில் வருவார்கள். கடைசி இரண்டு மாதத்தில் கோப்பை நிரப்பும் பழக்கம் அதனால்தான் வந்தது. இப்போது நான்காண்டுச் சுழற்சி. ஆண்டுதோறும் தரங்களில் ஏறக்குறைய கால் பங்கை இணையம் வழியே பார்க்கிறார்கள், நான்காம் ஆண்டில் நேரடி மதிப்பீடு. 2020இல் பெருந்தொற்று வந்தபோது வேலை முழுதும் நின்றுபோகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நெய்தல்:
தடையின் சொற்களைக் கவனியுங்கள். 13929இன் வரையறைப்படி கழுத்துப்பிடி என்பது ஒருவரைச் செயலிழக்கச் செய்ய மூச்சைத் தடுக்கும் பிடி. கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாய்களை அழுத்தி மயக்கமுறச் செய்யும் பிடி அதில் அடங்குமா? நோக்கம் மூச்சைத் தடுப்பதல்ல என்று சொல்லி ஒரு துறை அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் திமிறுகிறவரின் கழுத்தில் முழங்கை சற்று நகர்ந்தால் அழுத்தம் நேரே மூச்சுக்குழாயில் விழும். பயிற்சிக்கூடத்தில் இரண்டு பிடிகளாக இருப்பவை தெருவில் ஒன்றாகிவிடும்.

கலியா இரண்டுக்கும் தனித்தனித் தரம் வைத்தது. அது சரியான முடிவு. 2022 மே 25இல் வந்த 14074ஆம் ஆணை, கூட்டாட்சிக் காவலர்களுக்கு இரண்டு பிடிகளையும் பெயர் சொல்லியே தடுத்தது. பழைய 13929ஐ நீக்கியதும் அதே ஆணைதான்.

செங்கோடன்:
நெய்தல், ஃபிளாய்டு இறந்தது அந்த இரண்டு பிடிகளாலும் அல்ல. கழுத்தில் முழங்கால். சுற்றி நின்ற காவலர்கள் தடுக்கவில்லை. பிடியைத் தடை செய்வதைவிட அதுதான் முக்கியம்.

கோப்பறை:
அதனால்தான் தலையிடும் கடமை தனித் தரமாக வந்தது. சக காவலர் அளவு மீறினால் தடுக்க வேண்டும் என்று துறையின் ஆணையில் எழுதியிருக்க வேண்டும்.

செங்கோடன்:
அதற்குச் சான்று ஆவணம் என்ன? காவலர் கையெழுத்திட்ட பயிற்சிப் பட்டியல். ஓராண்டில் யாருமே தலையிடவில்லை என்றால் 'நிகழ்வு எதுவும் இல்லை' என்று ஒரு குறிப்பு கோப்பில் போகும். தேவையே வரவில்லையா, தேவை வந்தும் எல்லாரும் பேசாமல் நின்றார்களா? இரண்டுக்கும் குறிப்பு ஒன்றுதான். பொறுக்கவே முடியாத இடம் எனக்கு இதுதான்.

மருதன்:
அந்த ஓட்டையை அடைக்க வேண்டியது வருடாந்தரப் பலப்பிரயோகப் பகுப்பாய்வு, 4.2.4ஆம் தரம். தேதி, நேரம், எந்த வகைச் சந்திப்பு, இனம், வயது, பாலினம் வாரியான போக்கு, காயங்கள், இவற்றால் விதியிலும் பயிற்சியிலும் கருவியிலும் என்ன மாற வேண்டும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். முறையாகச் செய்தால் இதைவிடக் கூர்மையான கருவி கலியாவில் இல்லை.

கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். முதலாவது எண்ணும் அலகு. மூன்று காவலர்கள் ஒருவரைப் பிடித்தால் அது ஒரு நிகழ்வா, மூன்று அறிக்கைகளா? போன ஆண்டு ஒருவிதம், இந்த ஆண்டு இன்னொரு விதம் எண்ணினால் பலப்பிரயோகம் 'குறைந்தது' போலத் தெரியும். அடுத்து, துப்பாக்கியைக் குறிவைத்ததைச் சேர்ப்பதா இல்லையா. நடுவில் மாற்றிவிட்டு அடிக்குறிப்புக்கூடப் போடாமல் விடுகிறார்கள். வகுக்கும் எண்ணும் சிக்கல்தான். ஊர் மக்கள்தொகையால் வகுத்தால் ஒரு விகிதம், கைதுகளால் வகுத்தால் வேறொரு விகிதம். கைதுகளே பாரபட்சமாக இருந்தால் இரண்டாவது கணக்கு அந்தப் பாரபட்சத்தை மறைத்துவிடும். ஆகவே இரண்டையும் அருகருகே கொடுக்க வேண்டும். 'குறிப்பிடத்தக்க போக்கு இல்லை' என்ற ஒற்றை வரியோடு முடியும் அறிக்கையை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதையும் 35.1.9ஆம் தரத்தின் முன்னெச்சரிக்கை முறையையும் (சிக்கல் தரக்கூடிய காவலரை முன்கூட்டியே அடையாளம் காணும் முறை) இணைத்துப் படிக்க வேண்டும். ஒரே பெயர் ஆறு மாதத்தில் நான்கு அறிக்கைகளில் வந்தால், துறையின் மொத்தச் சராசரி அதைக் காட்டாது.

நெய்தல்:
சிறிய துறைகளை மறந்துவிட்டோம். அமெரிக்காவின் உள்ளூர்க் காவல் துறைகளில் ஏறக்குறைய பாதியில் முழுநேரக் காவலர்கள் பத்துப் பேர்கூட இல்லை. அங்கே கோப்பு பார்க்கத் தனி அலுவலர் வைத்தால் ரோந்துக்கு ஒரு ஆள் குறையும். கட்டணம் வேறு. மாநில அளவிலான திட்டங்கள் அவர்களுக்குப் பொருந்தும். கலியா பெரும்பாலும் வசதியுள்ள துறைகளின் பதக்கமாகவே இருக்கிறது.

கோப்பறை:
ஒப்புக்கொள்கிறேன். மானிய நிபந்தனைதான் சிறிய துறைகளையும் கதவருகே கொண்டுவந்தது. 14074உம் 2025 ஜனவரி 20இல் நீக்கப்பட்டபின் அந்த அழுத்தம் இல்லை. எஞ்சியது கலியாவின் சொந்தத் தரங்கள்தான். அரசாணையோடு போகாமல் அவை நிற்பதையே 2020இன் பயனாக நான் பார்க்கிறேன்.

செங்கோடன்:
நிற்கட்டும். ஆனால் சான்று ஆவணத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? எந்தத் தரத்தைப் பார்ப்பது என்பதை மதிப்பீட்டாளர் சொல்கிறார். எந்த நிகழ்வின் அறிக்கையைக் காட்டுவது என்பதைத் துறை முடிவு செய்கிறது. ஓராண்டின் எல்லாப் பலப்பிரயோக நிகழ்வு எண்களையும் துறை முதலில் கொடுக்கட்டும். அதிலிருந்து மதிப்பீட்டாளர் குலுக்கலில் பத்து எடுத்து, அறிக்கை, மேலதிகாரியின் மறுபார்வை, உடல் கேமராப் பதிவு மூன்றையும் ஒப்பிடட்டும். தலையிடும் கடமை நடந்ததா இல்லையா என்பது பதிவில் தெரியும். 'நிகழ்வு இல்லை' என்ற குறிப்பை அப்போது ஏற்கிறேன்.

மருதன்:
குலுக்கலுக்கு முன் பட்டியலே முழுமையா என்று பார்க்க வேண்டும். காயச் சிகிச்சைக்காக அழைத்துச்செல்லப்பட்ட கைதிகளின் பதிவு காவலறையில் இருக்கும். அதையும் பலப்பிரயோகப் பட்டியலையும் தேதிவாரியாக ஒத்துப் பாருங்கள். காயம் இருந்து அறிக்கை இல்லாத பெயர்களிலிருந்து தொடங்க வேண்டும்.