தலசீமியா: மரபணுத் திருத்தம் ஒரே ஊசியில் முடிகிற வேலையா?

மேட்டூர் அப்பா:
மகனுக்கு 13 வயது, பீட்டா தலசீமியா மேஜர்: உடம்பு போதிய ஹீமோகுளோபினை உண்டாக்காத பரம்பரை ரத்த நோய். ஏழாம் மாதத்தில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற தினமும் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கிறேன். டம்ளர் அடியில் தங்கும் வண்டலையும் தண்ணீர் விட்டு அலசிக் குடிக்க வேண்டும். அதற்குள் பள்ளிப் பஸ் போய்விடும். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு அவன் அக்காவின் மஜ்ஜை பொருந்தவில்லை. கிரிஸ்பர் தெரபியூட்டிக்ஸ் கம்பெனியின் மருந்து ஒரே ஊசியில் குணமாக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

ஆய்வகத்து ஆள்:
ஒரே ஊசி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், ஐயா. அந்த மருந்தின் பெயர் காஸ்கெவி. வெர்டெக்ஸ் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கினார்கள். தலசீமியாவுக்கு அமெரிக்க அனுமதி 2024 ஜனவரியில் கிடைத்தது, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு.

வேடிக்கை என்னவென்றால், பழுதான மரபணுவை அவர்கள் தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது நம் ரத்தத்தில் வேறொரு ஹீமோகுளோபின் ஓடுகிறது. பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற மரபணு அதை அடக்கிவிடுகிறது. ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களில் அந்த அடக்குமுறையைத்தான் வெட்டி முடக்குகிறார்கள். பழைய ஹீமோகுளோபின் திரும்புகிறது. உங்கள் மகனுக்கு ஏழாம் மாதத்தில்தான் தெரிய வந்ததன் காரணமும் இதுவே. அதுவரை கருக்கால ஹீமோகுளோபின் தாங்கியது.

செல்களை இயந்திரத்தில் பிரித்தெடுத்து, ஆலையில் திருத்தி, சோதித்துத் திருப்பி அனுப்ப மாதக்கணக்காகும். பிறகு கீமோ கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். சோதனையில் 35 பேரில் 32 பேர் ஓராண்டாவது ரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள்.

சரண்யா அம்மா:
அண்ணா, அந்த கீமோவை என் மகளின் மஜ்ஜை மாற்றின்போது பார்த்தேன். வாய் முழுக்கப் புண், எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. முடி கொட்டியதை அவள் பொருட்படுத்தவில்லை. தயிர்சாதம் எரிகிறது என்றுதான் அழுதாள். பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கலாம் என்று கையெழுத்தும் வாங்கினார்கள். அமெரிக்காவில் காஸ்கெவியின் விலை 22 லட்சம் டாலர், டிக்கெட் செலவு தனி! பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரிடமிருந்தே மஜ்ஜை எடுக்கும் முறை இருக்கிறது, கேட்டீர்களா? எதுவானாலும் பெரிட்டினை, அதாவது உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவை, குறைத்து வையுங்கள். ஈரல் கெட்டால் எந்தக் கதவும் திறக்காது.

மேட்டூர் அப்பா:
ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தான். அதற்குப் பிறகு நாங்கள் கொடுத்த ஏதோ ஆகாரம்தான் காரணம் என்று என் அம்மா இன்றுவரை மருமகளைக் குறை சொல்கிறார். ஏழாம் மாதம் பற்றி ஆய்வகத்து ஆள் சொன்ன பதிலை அவருக்குக் காட்ட அச்செடுத்து வைத்திருக்கிறேன். பாதிப் பொருத்தம் பற்றி வியாழக்கிழமை ரத்தம் ஏற்றும்போது கேட்கிறேன், தங்கச்சி.