ஊதுகருவியும் அந்த 15 நிமிஷமும்

லேப்காரன்: "குடிச்சிருக்கோமான்னு பார்க்க போன்ல இணைச்சு ஊதுற கருவியும் போலீஸ் மெஷினும் ஒண்ணுதான், நானே டெஸ்ட் பண்ணிட்டேன்"னு பைக் திரியில் புல்லட்மணி அடிச்சு விட்டிருக்கார். டெஸ்ட்டாம்! மணி, கடைசி மடக்கு உள்ள போய் எத்தனை நிமிஷம் கழிச்சு ஊதினீங்க?

புல்லட்மணி: 330 மி.லி. பீர் ரெண்டு. வாயைக் கொப்பளிச்சிட்டு உடனே ஊதினேன். 0.02. வண்டி ஓட்ட ரத்தத்துல ஆல்கஹால் வரம்பு 0.03. ஃப்ரெண்டுக்கும் அதே 0.02. இன்னும் என்ன வேணும்?

லேப்காரன்: 15 நிமிஷம் காத்திருக்கணும். வாயில ஒட்டியிருக்கிற சரக்கு மூச்சோட சேர்ந்து வந்து ரீடிங்கை ஏத்திடும். கொப்பளிச்சா போதாது.

புல்லட்மணி: ஏத்தித்தானே காட்டும்? அப்போ நிஜத்துல எனக்கு 0.02க்கும் கீழ. எனக்கே சாட்சி சொல்றீங்க, நன்றி சார்.

லேப்காரன்: ரெண்டு பீர்ல 26 கிராம் ஆல்கஹால் இருக்கு தம்பி. 70 கிலோ ஆளுக்கு அது முழுசா ஏறினா 0.05 பக்கம் போகும். நீங்க ஊதும்போது பாதி வயித்துலயே கிடந்திருக்கும். 15 நிமிஷம் கூட பொறுக்காம ஊதிட்டு "வரம்புக்குள்ள"ன்னு வண்டியை எடுத்தா, பாதி வழியில அது தாண்டிடும்.

புல்லட்மணி: யாருக்கு யார் தம்பி? பைக் செயினுக்கு எண்ணெய் போடற திரியிலயும் இதே வாத்தியார் வேலைதான். அதுல நான் சொன்னதுதான் சரின்னு கடைசில தெரிஞ்சுது, ஞாபகம் இருக்கா?

சர்க்கரைப்பொங்கல்: நான் வாங்கின 1,200 ரூவா கருவிக் கதையைக் கேளுங்க. கையில சானிடைசர் காயறதுக்குள்ள அதைப் பிடிச்சு எங்கம்மாகிட்ட நீட்டினேன். இருமல் மருந்து குடிக்கவே யோசிக்கிறவங்க. 0.04! "என்னடி இது"ன்னு எனக்குத்தான் திட்டு.

லேப்காரன்: அது சானிடைசர்ல இருக்கிற ஆல்கஹால். கருவியும் செமிகண்டக்டர் சென்சாரா, அதாவது மலிவான வகையா இருக்கும். சர்க்கரை ரொம்ப எகிறினவங்க மூச்சுல வர்ற அசிட்டோனுக்கே ஆடும். ஃப்யூயல் செல்னு இன்னொரு வகை சென்சார் இருக்கு, அது அசிட்டோனுக்கு அப்படி ஏமாறாது. ஆனா அதையும் அப்பப்ப காலிப்ரேட் பண்ணணும், அதாவது அளவு சரியான்னு பார்த்துத் திருத்தணும். மணி, உங்களது எது?

புல்லட்மணி: ஃப்யூயல் செல். பெட்டியிலயே போட்டிருக்கு.

லேப்காரன்: பெட்டியில! 2013ல ஷார்க் டேங்க்ங்கிற அமெரிக்க முதலீட்டு டிவி ஷோவுல அஞ்சு முதலீட்டாளரும் பணம் போட்ட ப்ரீத்தோமீட்டர்ங்கிற போன் ஊதுகருவியும் லேப்ல சோதிச்சதுன்னுதான் விளம்பரம் பண்ணுச்சு. 2017ல அமெரிக்க அரசோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி கேஸ் போட்டுச்சு. அவங்களோட ப்ரீஸ் மாடல் அளவைக் குறைச்சுக் காட்டுறது கம்பெனிக்கே தெரியும்னு புகார். வாங்கினவங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க.

புல்லட்மணி: என்னோடது ப்ரீத்தோமீட்டர் இல்ல. வேற கேள்வி?

கோவைக்குசும்பன்: சட்டத்துல 30 மி.கி.ன்னுதானே இருக்கு? 0.03 எங்கிருந்து வந்துச்சு?

லேப்காரன்: 100 மி.லி. ரத்தத்துல 30 மி.கி., மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு. 30 மி.கி.ன்னா 0.03 கிராம், ரெண்டும் ஒண்ணுதான். கருவி ரத்தத்தைப் பார்க்கிறதே இல்ல. மூச்சுல இருக்கிறதை 2,100ஆல பெருக்கிக் காட்டுது, அந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். அதுக்குத்தான் சொல்றேன், 15 நிமிஷமாவது...

தெற்குத்தெரு: முதல் தடவை மாட்டினாலே 10,000 அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். 200 ரூவாய்க்கு ஆட்டோ பிடிச்சுப் போங்கய்யா.

கோவைக்குசும்பன்: ராத்திரி 11 மணிக்கு 200க்கு ஆட்டோவா? எந்த ஊருங்க அண்ணா?

புல்லட்மணி: ஞாயித்துக்கிழமை மறுபடி ஊதி படம் போடறேன். கொப்பளிச்சிட்டுத்தான்.

லேப்காரன்: 15 நிமிஷம். கடிகாரமும் படத்துல தெரியணும்.

கோவைக்குசும்பன்: ஆட்டோ ரேட்டுக்கு இன்னும் பதில் வரல.